குழந்தை சர்ஜன் ஆக எம்.டி. வழி உதவாது

கேள்வி: என் மகள் திருநெல்வேலியில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டராக வேண்டும் என்கிறாள். முதலில் எம்.டி. பீடியாட்ரிக்ஸ் (குழந்தை மருத்துவம்) முடித்துவிட்டு, பிறகு சர்ஜரிக்குப் போகலாமா? மொத்தம் எத்தனை வருடம் ஆகும்?

பதில்: அப்படிப் போக முடியாது. பலரும் இடறுகிற இடம் இது. குழந்தை அறுவை சிகிச்சைக்கான எம்.சிஎச். என்ற உயர் சிறப்புப் படிப்பில் சேர எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி (பொது அறுவை சிகிச்சை), அல்லது தேசியத் தேர்வு வாரியம் தரும் அதற்கு இணையான டி.என்.பி. பட்டம் வேண்டும். எம்.டி. பீடியாட்ரிக்ஸ் முடித்தவர்களுக்கு இருப்பது அறுவை சிகிச்சை இல்லாத டி.எம். உயர் சிறப்புப் படிப்புகள்: பச்சிளங்குழந்தை மருத்துவம், குழந்தைகள் நரம்பியல், இதயவியல் போன்றவை. ஆகவே எம்.டி., எம்.எஸ். சேர்க்கைக்கான நீட் பி.ஜி. கவுன்சலிங்கில் இடம் எடுக்கும் அன்றைக்கே பாதை பிரிந்துவிடுகிறது.

கணக்கு எளிது. ஹவுஸ் சர்ஜன் காலத்தையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.எஸ். 3, உயர் சிறப்புப் படிப்புக்கான நீட் எஸ்.எஸ். நுழைவுத் தேர்வு எழுதி எம்.சிஎச். 3. மொத்தம் பதினொன்றரை. தேர்வுக்குப் படிக்கும் காலம் இதில் சேராது. எம்.பி.பி.எஸ். முடித்ததும் நேரே சேரும் 6 வருட டி.ஆர்.என்.பி. (எம்.சிஎச்.க்கு இணையான தேசியத் தேர்வு வாரியப் பட்டம்) படிப்பும் உண்டு, வருடம் குறையாது, நடுவில் நீட் எஸ்.எஸ். எழுத வேண்டாம் என்பது மட்டும்தான் லாபம். இடங்கள் மிகக் குறைவு என்பதால் அதை மட்டுமே நம்பி இருக்க வேண்டாம்.

வருடங்களைவிட மகள் யோசிக்க வேண்டியது வேறு. எம்.எஸ். படிக்கும் 3 வருடமும் பெரும்பாலும் பெரியவர்கள்தான்: குடலிறக்கம், அப்பெண்டிக்ஸ், சர்க்கரை நோயாளியின் கால் புண். குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்ய வந்தவர்கள் சோர்ந்துபோவது இங்கேதான். அதைக் கடந்து வந்தால் உணவுக்குழாய் முழுமையாக உருவாகாமல், மலத்துவாரம் இல்லாமல் பிறந்த சிசுக்கள் ஆபரேஷன் மேஜைக்கு வரும். இரண்டரை கிலோ குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 200 மில்லி, ஒரு டம்ளர். பெரியவர்களுக்குப் பொருட்டே இல்லாத கசிவு இங்கே ஆபத்து. கை நிதானமில்லாதவர்களுக்கு இந்தத் துறையை நான் சொல்லமாட்டேன்.

ஹவுஸ் சர்ஜன் காலம் முடிவதற்குள், குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவில் துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கி நான்கைந்து ஆபரேஷன் நாட்கள் தியேட்டரில் நிற்கட்டும். அதேபோல நான்கைந்து நாட்கள் குழந்தைகள் வார்டு ரவுண்ட்ஸிலும் போகட்டும். தியேட்டரில் கால் வலி மறந்ததென்றால் எம்.எஸ். போடலாம். வார்டில் அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்தி, அம்மாவிடம் கேள்வி கேட்டுக் கேட்டு நோயைக் கண்டுபிடிப்பதுதான் பிடித்ததென்றால் எம்.டி.தான் அவளுக்கு.