முடி கொட்டுது, பீரியட்ஸும் ஒழுங்கா வரல: எந்த எண்ணெய் தேய்க்கலாம், தினமும் என்ன சாப்பிடணும்?

கேள்வில எழுதியிருக்கது இதுதான்: வயசு 23, ஊரு தக்கலை பக்கம், ஆறு மாசமா முடி கொத்துக் கொத்தா போவுது, பீரியட்ஸ் 50 நாள் 60 நாள்னு தள்ளிப் போவுது, ஹார்மோன் கோளாறுன்னு வீட்டுல எல்லாரும் சொல்லுதாவ, எந்த எண்ணெ நல்லது, என்ன சாப்பிடணும்.

தங்கச்சி, நீன்னே கூப்பிடுதேன், தப்பா நெனைக்காத. நான் டாக்டரு ஒண்ணும் இல்ல, மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டி ஆபீஸ்ல கணக்கு எழுதுற ஆளாக்கும் (வெளியூர்க்காரங்களுக்கு, அண்டி ஆபீஸ்னா முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனி). ஆனா நீ கேட்ட இதே கேள்விய 27 வயசுல ராத்திரி ஒரு மணிக்கு போன வெளிச்சத்துல நானும் தேடிட்டுக் கெடந்தேன், அதனால எனக்கு நடந்தத அப்படியே சொல்லுதேன், உனக்கு ஒத்து வாறத எடுத்துக்க.

எனக்கு முதல்ல தெரிஞ்சது குளிமுறிலதான். தண்ணி போற ஓட்டையில பந்து மாதிரி முடி. அம்மா ஆபீஸ் போறதுக்கு முன்ன பின்னல் போட்டு விடுவா, ஒரு நாள் "பின்னல் எலிவாலு மாதிரி ஆயிட்டே"ன்னு சொன்னா, அன்னைக்கு முழுக்க வேல ஓடல. ஒடனே என்ன செஞ்சேன், இன்ஸ்டாகிராம்ல பாத்த ஒரு மூலிகை எண்ணெ வாங்கினேன், குப்பி 900 ரூவா, பதினெட்டு மூலிகையாம். ரெண்டு குப்பி தீந்துது, முடி நிக்கல. அப்புறம் பயோட்டின்னு ஒரு வைட்டமின், மிட்டாய் மாதிரி ஒண்ணு. அதுவும் நிக்கல. ஒரு பார்லர்ல போனா அங்க வேற ஒரு ட்ரீட்மெண்ட் சொல்லி நாலாயிரம் கேட்டாவ, நல்ல வேள கையில காசு இல்ல.

கடைசில நாகர்கோவில்ல ஒரு தோல் டாக்டர பாத்தேன். அந்தம்மா என் தலைய பாக்கதுக்கு முன்னாடியே ஒரு கேள்வி கேட்டாங்க. "மூணு மாசத்துக்கு முன்னாடி ஒனக்கு என்னம்மா நடந்துது?" எனக்கு ஒண்ணும் புரியல. காய்ச்சல் வந்துதா, ஆபரேஷன் ஏதாவது, வீட்டுல சாவு ஏதாவது, டயட் இருந்தியான்னு ஒவ்வொண்ணா கேட்டப்பதான் ஞாபகம் வந்துது, சித்தி மொவ கல்யாணத்துக்கு மெலியணும்னு ஆன்லைன்ல ஒரு ஆளு குடுத்த டயட்ட வச்சி ரெண்டு மாசம் ஓட்ஸும் வெள்ளரிக்காயும் கிரீன் டீயுமா கெடந்தேன், எட்டு கிலோ கொறஞ்சிது, கல்யாண வீட்டுல எல்லாரும் கொள்ளாம் கொள்ளாம்னு சொன்னாவ. போட்டோவும் நல்லாத்தான் இருக்கு. அந்தப் போட்டோக்கு குடுத்த விலைதான் இந்த முடி.

அவங்க வெளக்குனது எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு. தலையில சுமாரா ஒரு லட்சம் முடி இருக்கும், அதுல பத்துல ஒம்பது பங்கு வளந்துட்டு இருக்கும், மிச்சம் ரெஸ்ட்ல இருக்கும், ரெஸ்டுக்குப் போன முடி அன்னைக்கே விழாது, ரெண்டு மூணு மாசம் தலையிலயே இருந்துட்டு பெறவுதான் விழும், அதனாலதான் நாளுக்கு 50லருந்து 100 முடி விழுறது எல்லாருக்கும் உள்ளது. ஒடம்புக்கு ஒரு அடி விழுந்தா, அது காய்ச்சலோ பிரசவமோ பட்டினியோ, வளந்துட்டு இருந்த முடி நெறைய ஒரே நேரத்துல ரெஸ்டுக்குப் போயிரும், அது மூணு மாசம் கழிச்சி மொத்தமா விழும்போது நாம இந்த வாரம் மாத்துன ஷாம்பூவயும் தண்ணியயும் கொற சொல்லிட்டு இருப்போம். அதனால நீயும் காலண்டர எடுத்து, முடி கொட்ட ஆரம்பிச்ச மாசத்துக்கு மூணு மாசம் பின்னால போய்ப் பாரு.

எனக்கு அது ஒண்ணு மட்டும் இல்ல. பீரியட்ஸ் அதுக்கு முன்ன இருந்தே 45 நாள் 60 நாள், தாடையில ரெண்டு மூணு தடிச்ச முடி வேற. ரத்தம் குடுத்தேன், ஸ்கேன் எடுத்தேன். ஹீமோகுளோபின் 10.2, ஃபெரிட்டின் 8, தைராய்டு சரி, பிசிஓஎஸ் இருக்கு (ஹார்மோன் கோளாறால சினைப்பை ஒழுங்கா வேல செய்யாம பீரியட்ஸ் தள்ளிப் போற பிரச்சனை). இந்த ஃபெரிட்டின்னு சொல்றது ஒடம்புல இரும்புச்சத்து எவ்வளவு சேத்து வச்சிருக்குன்னு காட்டுறது, சும்மா "ரத்தம் டெஸ்ட்"னு எழுதிக் குடுக்கதுல பெரும்பாலும் இது வராது, தனியா கேட்டு வாங்கணும். ஹீமோகுளோபின் சரியா இருந்தும் ஃபெரிட்டின் அடியில கெடக்கவங்க உண்டு. நாட்டுல 2019-21ல எடுத்த குடும்பநலக் கணக்கெடுப்புல 15லருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை, அப்ப நமக்கு மட்டும் இருக்காதுன்னு நெனைக்கதுக்கு என்ன இருக்கு.

பிசிஓஎஸ்ல முடிக்கு என்ன சம்பந்தம்னா, பலருக்கு இன்சுலின் ஒடம்புல சரியா வேல செய்யாம அளவு கூடிப் போயிருக்கும், அந்தக் கூடுன இன்சுலின் சினைப்பைய தூண்டி ஆண் ஹார்மோன கூட சொரக்க வைக்கும், அது தலையில உச்சிப் பக்கம் முடி வேர சிறுசாக்கும், தாடையில முடி மொளைக்க வைக்கும். ஒரே ஹார்மோன், எடுக்க வேண்டிய எடத்துல வளக்குது, வளக்க வேண்டிய எடத்துல எடுக்குது, என்ன எளவோ. ஆக நம்ம கையில இருக்கது அந்த இன்சுலின ஏத்தாம பாத்துக்கறது. அதுக்கு மறுபடியும் பட்டினி கெடந்தா முடி போவும். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் சாப்பாட்ட வைக்கணும்.

2023ல வந்த சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டுதல்லயே எந்த ஒரு டயட்டும் மத்தத விட ஒசத்தின்னு சொல்லல, அத கேட்டதும் எனக்கு பெரிய நிம்மதி. நம்ம வீட்டுச் சாப்பாட்டுலயே அளவு மாத்துனா போதும்னு ஆயிப்போச்சு. முன்ன காலைச் சாப்பாட்டுக்கு புட்டும் மட்டிப்பழமும் (நம்ம ஊரு சின்ன வாழப்பழம்) சீனியும் போட்டுப் பெசஞ்சி அடிப்பேன், பதினோரு மணிக்கெல்லாம் பசிச்சிரும், ஆபீஸ் வாசல்ல பழம்பொரி. இப்பவும் புட்டுதான், ஆனா ஒரு குத்தி புட்டுக்கு ரெண்டு கரண்டி சிறுபயறு இல்லன்னா கடலக்கறி. புட்டும் பயறும் நம்ம ஊருல பாட்டி காலத்துலருந்து உள்ளதுதான, நடுவுல நாமதான் பயற விட்டுட்டு சீனிய பிடிச்சிக்கிட்டோம். மட்டிப்பழத்துக்கு 2023ல புவிசார் குறியீடு கெடைச்சிருக்கு, அதுக்காக ஒரு நாளைக்கு நாலு பழம் திங்க முடியாது, ஒண்ணு போதும்.

மரச்சீனிய (மரவள்ளிக்கெழங்க) விடச் சொல்லிருவாங்களோன்னுதான் எனக்கு ரொம்ப பயம். விசாகம் திருநாள் மகாராசா காலத்துலருந்து, அதாவது 1880கள்லருந்து, திருவிதாங்கூர்க்காரன் வயித்துல கெடக்க கெழங்கு அது. விடல. முன்ன ஒரு தட்டு கெழங்குக்கு ஒரு துண்டு மீனு, இப்ப நேர் எதிரா, கெழங்கு கொஞ்சம், சாளை (மத்தி மீன்) நாலு. அவிக்கும்போது தண்ணிய வடிச்சி ஊத்திரணும், அது எல்லா அம்மாமாருக்கும் தெரியும். சாளைய விட மலிவா புரதம் நமக்கு எங்க கெடைக்கும், கூடவே ஒமேகா-3யும் வைட்டமின் டியும். முடியே புரதந்தான் தங்கச்சி. 55 கிலோ எடை உள்ள ஆளுக்கு நாளுக்கு சுமாரா 45 கிராம் புரதம் வேணும், ஒரு முட்டையில 6 கிராம்தான் இருக்கு, ஒரு கிண்ணம் அவிச்ச பயறுல 14 கிராம் போல வரும், நான் ஓட்ஸ் குடிச்சிட்டுக் கெடந்த காலத்துல இருவது கூட தாண்டியிருக்காது. ஜூன் ஜூலை ரெண்டு மாசம் நம்ம மேக்குக் கடல்ல விசைப்படகுக்கு தடை, மீன் வெல ஏறிரும், அப்ப முட்டையும் பயறுந்தான். நீ மீன் சாப்பிடாத வீடுன்னா பயறு, கடல, மோரு, எள்ளு, நெலக்கடலன்னு கூட்டணும்.

சாயா விஷயம் தனியா சொல்லணும். எனக்கு நாளுக்கு அஞ்சு சாயா, சோறு உண்டு கைகழுவுன ஒடனே கட்டஞ்சாயா இல்லன்னா உண்ட மாதிரியே இருக்காது. டாக்டரம்மா கேட்டுட்டு சிரிச்சாங்க, முருங்கை எலை துவரன் தின்னு சேத்த இரும்ப சாயாவ ஊத்தி வெளியே அனுப்புறியான்னு. சாயாலயும் காப்பிலயும் உள்ளது, எலையிலயும் பயறுலயும் இருக்க இரும்ப ஒடம்பு முழுசா எடுக்க விடாது, அதனால சாப்பாட்டுக்கும் சாயாக்கும் நடுவுல ஒரு மணி நேரமாவது விடணும். அதே நேரம் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேத்தா இரும்பு நல்லா ஏறும். இப்ப மத்தியானம் ஒரு நெல்லிக்கா உப்புல போட்டது, நாலு மணிக்குத்தான் சாயா. சாயா மூணா கொறஞ்சிருக்கு, அதுக்குக் கீழ எறங்க எனக்கு மனசு வரல. இரும்பு மாத்திரையும் குடுத்தாங்க, எட்டு பத்து மாசம் போட்டேன், சாப்பாடு மட்டும் வச்சி ஃபெரிட்டின் 8லருந்து ஏறும்னு யாராவது சொன்னா நம்பாத, ஆனா நீயா கடையில மாத்திரை வாங்கிப் போடாத, டெஸ்ட் பாத்துட்டு எவ்வளவுன்னு டாக்டர் சொல்லட்டும்.

கருப்பட்டில இரும்பு இருக்கு, அதனால எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்னு எங்க பெரியம்மை சொல்லுவா. ருசிக்கு கொஞ்சம் போட்டுக்க, இன்சுலினுக்கு அதுவும் சக்கரதான். உளுந்தங்கஞ்சி நல்லது, உளுந்து கூட, கருப்பட்டி கொற.

இனி எண்ணெ, நீ முதல்ல கேட்டதே அதுதான. எண்ணெ தலைக்கு வெளிய நிக்கிற முடிக்கு உதவும், உள்ள இருக்க ஹார்மோனுக்கு அது ஒண்ணும் செய்யாது. 2003ல வந்த ஒரு ஆராய்ச்சில தேங்கா எண்ணெ, சூரியகாந்தி எண்ணெ, மினரல் ஆயில் மூணையும் வச்சிப் பாத்ததுல, தேங்கா எண்ணெதான் முடித்தண்டுக்குள்ள எறங்கி புரதம் கழண்டு போறத கொறச்சிது (செஞ்சது தேங்கா எண்ணெ விக்கிற கம்பெனிக்காரங்க, அதையும் சொல்லிப்புடுதேன்). அப்ப 900 ரூவா குப்பி எதுக்கு, வீட்டுத் தேங்காய காய வச்சி மில்லுல ஆட்டுன எண்ணெ போதும். குளிக்கதுக்கு ஒரு மணி நேரம் முன்ன தேய்ச்சிட்டு அலசிரு. செம்பருத்தி எலைய கசக்கி தாளி (அந்த வழுவழு சாறு) எடுத்து அலசுனா முடி வழுவழுன்னு சிக்கு இல்லாம இருக்கும், சிக்கு எடுக்கும்போது ஒடையிற முடி கொறையும், அவ்வளவுதான் அதோட வேல. பொடுகு இருந்தா ராத்திரி முழுக்க எண்ணெ ஊத்திட்டுப் படுக்காத, பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு தலை எண்ணெதான் சோறு. ஈர முடிய இறுக்கிப் பின்னாத, இழுத்துக் கட்டுற கொண்டையும் நெத்திப் பக்கம் முடிய கொட்ட வைக்கும்.

நடை. ஜிம்முக்குப் போக எனக்கு நேரமும் இல்ல காசும் இல்ல, சாயங்காலம் சானல்கரையில பக்கத்து வீட்டு அக்காவும் நானும் 40 நிமிசம் நடப்போம், வாரத்துல அஞ்சு நாளு, மழைக்காலத்துல மொட்டைமாடி. 71 கிலோலருந்து 66க்கு வர எட்டு மாசம் ஆச்சு, இந்த தடவ யாரும் கொள்ளாம்னு சொல்லல, ஏன்னா கண்ணுக்குத் தெரியாம கொறஞ்சிது. ஆனா எடையில 5லருந்து 10 சதவீதம் கொறஞ்சாலே பலருக்கு பீரியட்ஸ் ஒழுங்காகும்னு டாக்டர் சொன்னது எனக்கு நடந்துது, இப்ப 32லருந்து 36 நாளுக்குள்ள வருது. நீ ஏற்கனவே ஒல்லின்னா எடை கொறைக்காத, ஒல்லியானவங்களுக்கும் பிசிஓஎஸ் வரும், அப்ப நடையும் புரதமும் தூக்கமும்தான். தூக்கம்னதும் ஞாபகம் வருது, போன பதினொண்ணு மணிக்கு அடுக்களையில சார்ஜ் போட்டுட்டு வருவேன், படுக்க எடத்துல வச்சா முடியாது, எனக்க கை எனக்கு தெரியும்.

விதைய நாள் எண்ணி மாத்தி மாத்தித் திங்கிறது, பட்டினி இருந்து உடம்ப சுத்தம் பண்ற ஜூஸ், இதுக்கெல்லாம் நல்ல ஆதாரம் இல்ல. விதை தின்னா ஒண்ணும் கெட்டுப் போவாது, பட்டினிதான் திரும்ப முடிய கொண்டு போவும்.

நீ டாக்டர்கிட்ட போறதுக்கு முன்ன பயோட்டின் மாத்திரை ஏதாவது போடுறியான்னு பாத்துக்க, அது தைராய்டு டெஸ்டயே தப்பா காட்ட வைக்கும், நான் அத சொல்லாமப் போய் ரெண்டாவது தடவ ரத்தம் குடுத்தேன். தைராய்டு மாத்திரை உனக்கு எழுதுனாங்கன்னா வெறும் வயித்துல, சாயாக்கு அரை மணி ஒரு மணி முன்ன, இரும்பு மாத்திரைக்கும் அதுக்கும் நாலு மணி நேரம் தள்ளி. மூணு மாசம் பீரியட்ஸே வரல, வட்டமா சொட்டை விழுது, தாடை நெஞ்சுல முடி வேகமா வருது, ரத்தப்போக்கு ரொம்ப கூடுது, இதுல ஒண்ணு இருந்தாலும் சாப்பாட்ட மாத்தி பாக்கலாம்னு காத்திருக்காத. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல தோல் ஓபி, பொம்பளை டாக்டர் ஓபி ரெண்டும் இருக்கு, காசு கையில இல்லன்னா அங்க போ.

எனக்கு கொட்டுறது கொறைய நாலு மாசம் ஆச்சு, நெத்தியில குட்டிக் குட்டியா முடி எந்திரிச்சி நிக்க ஆறு மாசம், அது நீளமாக இன்னும் காலம், மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான வளரும். பழைய பின்னல் முழுசா வரல, முக்காவாசி வந்திருக்கு. அம்மா இப்பவும் ஞாயித்துக்கெழம எண்ணெ காச்சுதா, நானும் போய் தலைய குடுத்துட்டு இருப்பேன், அந்த எண்ணெயாலதான் முடி வந்துதுன்னு அவ பக்கத்து வீட்டுல எல்லாம் சொல்லிட்டு நடக்கா, சொல்லிட்டுப் போறா.