வம்சாவளியைப் பிறகு நடத்துங்கள்

கேள்வி: கலைக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். இந்த செமஸ்டரில் ஷேக்ஸ்பியரின் ‘இரண்டாம் ரிச்சர்ட்’ என் பொறுப்பு. இங்கிலாந்து அரச வம்சத்தை போர்டில் வரைவதிலேயே முதல் வகுப்புகள் போய்விட்டன. “யார் மேடம் ஹெரிஃபோர்டு, யார் லங்காஸ்டர்?” என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், இப்போது கேட்பதையும் விட்டுவிட்டு கைடு வாங்கிவிட்டார்கள். பலர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். தமிழில் விளக்கினால் துறையில் முகம் சுளிக்கிறார்கள். ‘மாக்பெத்’ நடத்தியபோது இந்தச் சிக்கல் இல்லை. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள பேராசிரியைக்கு,

போர்டில் இருக்கும் வம்சாவளியை அழித்துவிடுங்கள். தேவை வரும்போது மாணவர்களே அதைக் கேட்பார்கள். இப்போதைக்கு அவர்களுக்குத் தெரிய வேண்டியது, ராஜா ரிச்சர்டும், பின்னால் அவன் முடியைப் பறிக்கும் போலிங்ப்ரூக்கும் அண்ணன் தம்பி பிள்ளைகள் என்பது மட்டும்தான். பங்காளிகள். தகராறும் பங்காளிச் சொத்துத் தகராறுதான். போலிங்ப்ரூக்கை நாடு கடத்துகிறான் ரிச்சர்ட். அவன் வெளிநாட்டில் இருக்கும்போது தகப்பனார் கான்ட் இறந்துபோகிறார். செய்தி வந்த கையோடு, அயர்லாந்துப் போர்ச் செலவுக்கென்று அவருடைய சொத்து முழுவதையும் ராஜா எடுத்துக்கொள்கிறான். அப்போது சித்தப்பா யார்க் கேட்பதை வைத்தே ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம். தகப்பன் சொத்து மகனுக்கு என்ற முறையை நீயே உடைத்தால், நீ எந்த முறைப்படி ராஜாவாக இருக்கிறாய்? இதைப் புரிந்துகொள்ள நம் பிள்ளைகளுக்கு வரைபடம் எதற்கு?

அவர்களைக் குழப்பும் பெயர்களும் இந்தத் தகராறுக்குள்தான் இருக்கின்றன. படையோடு திரும்பி வந்த போலிங்ப்ரூக்கை ஒருவர் ஹெரிஃபோர்டு பிரபு என்று அழைக்க, என் பெயர் லங்காஸ்டர், அந்தப் பெயரைத் தேடித்தான் வந்திருக்கிறேன் என்கிறான் அவன். ஹெரிஃபோர்டு அவனுடைய பழைய பட்டம். லங்காஸ்டர் அப்பாவுடையது, ராஜா பறித்துக்கொண்டது. “யார் மேடம் லங்காஸ்டர்?” என்று கேட்ட பிள்ளை நாடகத்தின் கழுத்தையே பிடித்திருக்கிறது. அந்தக் கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அடுத்து நேராக நான்காம் அங்கத்துக்குப் போங்கள், ரிச்சர்ட் முடி துறக்கும் காட்சிக்கு. இருவரை எழுப்பி நிறுத்துங்கள். மகுடத்துக்கு ஒரு ஹெல்மெட் போதும். ஒரு பக்கம் என் கை, மறுபக்கம் உன் கை என்கிறான் ரிச்சர்ட். அப்படியே இருவரும் பிடித்துக்கொண்டு வாசிக்கட்டும். முடி துறக்கச் சம்மதமா என்று போலிங்ப்ரூக் கேட்டால், ‘ஆம், இல்லை, இல்லை, ஆம்’ என்று பதில் வருகிறது. யார் எப்போது கையை விடுவது? ஷேக்ஸ்பியர் சொல்லவில்லை, வகுப்புதான் முடிவு செய்ய வேண்டும். இழப்பவன் அடுக்கடுக்காகப் பேசுகிறான், பெறுகிறவன் ஒன்றிரண்டு வரியோடு நிறுத்திக்கொள்கிறான். ஏன் என்று எழுதிவரச் சொல்லுங்கள். கைடில் பதில் கிடைக்காத அசைன்மென்ட் அது.

வரலாறு இந்த இடத்தில் வரட்டும். நாடகம் 1597-இல் அச்சானபோது இந்தக் காட்சியின் பெரும்பகுதி அதில் இல்லை. எலிசபெத் மகாராணி 1603-இல் இறந்து, 1608-இல் வந்த பதிப்பில்தான் அது முதன்முதலாக அச்சேறியது. நடுவில் 1601 பிப்ரவரி 7 அன்று எசெக்ஸ் பிரபுவின் ஆட்கள், வழக்கமான வசூலுக்கு மேல் 40 ஷில்லிங் தருகிறோம் என்று சொல்லி ரிச்சர்ட் நாடகத்தைப் போடவைத்தார்கள். அது ஷேக்ஸ்பியருடையதுதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. பழைய நாடகம், கூட்டம் வராது என்று நடிகர்கள் தயங்கியிருக்கிறார்கள். மறுநாளே எசெக்ஸ் மகாராணியின் ஆட்சிக்கு எதிராகக் கலகத்தில் இறங்கினார், தோற்றார். அதே மாதம் 25-ஆம் தேதி அவர் தலை போயிற்று. கலகத்துக்கு முதல் நாள் இந்த நாடகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு ஏன் தோன்றியது? இதைக் கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். ரிச்சர்டின் தாத்தா யார், எலிசபெத்துக்கு வாரிசு உண்டா என்று அவர்களே கேட்பார்கள். அன்றைக்குப் போடுங்கள் வம்சாவளியை.

தமிழில் பேசுவதில் குற்றமே இல்லை. வாதம் தமிழில் நடக்கட்டும், வரிகள் மட்டும் ஆங்கிலத்தில் உரக்க ஒலிக்கட்டும். இந்த நாடகம் முழுக்கச் செய்யுள், உரைநடையே கிடையாது. கருத்தை மட்டும் தமிழில் சொல்லிவிட்டு வரிகளைத் தாண்டிப் போனால்தான் தவறு. முகம் சுளிக்கும் சக ஆசிரியர்களை அந்த ஹெல்மெட் வகுப்புக்கு ஒருநாள் கூப்பிடுங்கள்.

தேர்வுக்கு கான்ட் இங்கிலாந்தைப் பற்றிப் பேசும் பகுதி அடிக்கடி வரும். பல தொகுப்புகளில் அதை நாட்டுப் புகழ்ச்சியாகப் பாதியில் வெட்டிப் போட்டிருப்பார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. சாகக் கிடக்கும் மனிதர் இந்த மண், இந்தத் தீவு என்று அடுக்கிக்கொண்டே போய், அதே மூச்சில் இதெல்லாம் குத்தகைக்கு விடப்பட்டுவிட்டது என்கிறார். அந்த வரி வரைக்கும் வாசிக்கவையுங்கள்.