முகம் மாறாமல் படத்தை மீட்க...

கேள்வி: என் பாட்டியின் இளவயதுப் படம் ஒன்று இருக்கிறது. கறுப்பு வெள்ளை, உள்ளங்கை அளவுதான். பழுப்பேறி இருண்டுவிட்டது. போனில் படமெடுத்து ஒரு ஏஐ செயலியில் போட்டேன். பளிச்சென்று வந்தது, ஆனால் அது பாட்டி முகமாகவே இல்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. முகம் மாறியது உங்கள் பிரமையும் இல்லை. அந்தச் செயலிகள் எத்தனையோ பேரின் முகங்களைப் பார்த்துப் பழகியவை. மங்கிய இடத்தில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஒரு கண்ணையும் உதட்டையும் தாமாக வரைந்துவிடுகின்றன. பாட்டி படத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

கறுப்பு வெள்ளைப் படம் நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆனது. பிரிண்ட் போட்டபோது ஹைப்போ (படத்தை நிலைக்க வைக்கும் ரசாயனம்) சரியாகக் கழுவப்படாமல் தங்கியிருந்தால், நாளாக ஆக வெள்ளி பழுப்பாகும். வெளிச்சப் பகுதிகள் இருண்டு, கறுப்புப் பகுதிகள் வெளிறி, இரண்டும் நெருங்கி வந்துவிடும். பாட்டி முகம் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும்.

படத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். சின்னப் படம் என்பதால் 1200 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற அளவு) வையுங்கள். ஸ்கேனர் தானாகச் செய்யும் திருத்தங்களை நிறுத்திவிட்டு, 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள்.

பலர் கோட்டை விடுவது அடுத்த இடத்தில்தான். கறுப்பு வெள்ளைதானே என்று கிரே ஸ்கேலில் ஸ்கேன் செய்யாதீர்கள், கலரிலேயே செய்யுங்கள். அப்புறம் கிம்ப் மென்பொருளில் (இலவசம்தான்) சிவப்பு, பச்சை, நீலம் என்று சேனல்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். மேலே படிந்த மஞ்சள் கறை நீல சேனலில் கறுப்பாகத் தெரியும், சிவப்பில் ஏறக்குறைய மறைந்துவிடும். கறையாக இல்லாமல் உருவமே வெளிறிப் பழுப்பாகியிருந்தால் நிலைமை தலைகீழ். நீலத்தில்தான் விவரம் அதிகம் கிடைக்கும். எதில் முகம் தெளிவாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி லெவல்ஸ், அதாவது கிம்ப்பில் இருட்டையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் வசதி. அதில் தெரியும் வரைபடம் தொடங்கும் இடத்துக்குக் கறுப்பு முனையையும், முடியும் இடத்துக்கு வெள்ளை முனையையும் நகர்த்துங்கள். இன்னும் இருட்டாக இருந்தால் நடு முனையை லேசாக இடப்பக்கம் தள்ளுங்கள். அளவு மீறினால் தோலின் சாயல் போய் முகம் சுண்ணாம்பு பூசியது போலாகிவிடும்.

முதல் ஸ்கேனைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள். பின்னணியிலும் துணியிலும் உள்ள கீறல்களை ஹீல் டூலால் மூடலாம். கண்ணிலோ உதட்டிலோ விழுந்த கீறலை நான் என்றால் அப்படியே விட்டுவிடுவேன்.