அம்மம்மாவின் கல்வெட்டு – கடிதமும் பதிலும்

அண்ணைக்கு வணக்கம்,

உங்கள் தளத்தை நாலைந்து வருசமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. போன மாதக் கடைசியில் என் அம்மம்மா கிளிநொச்சி வட்டக்கச்சியில் காலமானார். 87 வயது. எனக்கு விசா அலுவல் முடியாததால் வரமுடியவில்லை. கனடாவில் ஸ்காபரோவில் இருந்தபடி கைபேசியில்தான் செத்தவீட்டைப் பார்த்தேன், நடுவில் மூன்று தடவை இணைப்பு அறுந்தது, அதில் ஒன்று வாய்க்கரிசி போடும்போது.

மரண அறிவித்தலில் 43 பெயர் இருந்தது, எண்ணிப் பார்த்தேன். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் மாமி. அவரைப் பற்றி என்று பார்த்தால் பிறந்த ஊரும் இருந்த ஊரும் மட்டும்தான். இப்போது அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு அச்சடிக்கவேண்டும், "நீதானே தமிழ் எழுதுவாய்" என்று மாமா அதை என் தலையில் கட்டிவிட்டார். இருந்து எழுதப் பார்த்தால், இடப்பெயர்வையும் அவர் காய்ச்சும் ஒடியல் கூழையும் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. மாமாவைக் கேட்டேன். "அவ பெரிசா ஒண்டும் செய்யேல்லையடா, வீட்டோட இருந்தவ, நல்ல மனுசி, அப்பிடி ஏதும் எழுது" என்றார்.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மம்மாவுக்கும் அவருடைய தங்கச்சிக்கும் இருபது வருசத்துக்கு மேல் பேச்சில்லை, காணிப் பிரச்சினை என்பார்கள். அந்தத் தங்கச்சி செத்தவீட்டன்று வந்து படலையடியில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாராம். இதையெல்லாம் கல்வெட்டில் எழுதலாமா?

ஸ்காபரோவில் இருந்து ஒரு பேரன்

*

அன்புள்ள தம்பி,

அம்மம்மாவுக்கு என் அஞ்சலி. உங்கள் கடிதம் வந்து மூன்று நாளாகிறது, அன்றைக்கே பதில் எழுதியிருக்கவேண்டும், ஏனென்றால் இதில் நாள் கணக்கு இருக்கிறது. அந்தியேட்டி 31ஆம் நாள். அச்சகத்துக்கு ஐந்தாறு நாளாவது கொடுக்கவேண்டும். போனது போக உங்கள் கையில் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். எழுதுவதற்கு அதில் இரண்டு நாள் காணும். மிச்ச நாள் முழுக்க ஆட்களைக் கேளுங்கள்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இடையில் ஒரு சொல்: இங்கே கல்வெட்டு என்றால் கோயில் சுவரில் வெட்டியது இல்லை, இறந்தவர் நினைவாக அந்தியேட்டி அன்று வந்தவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம். முன்னட்டையில் படம், உள்ளே இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, பஞ்சபுராணம், சிவபுராணம், பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வரிசையாக. பெரும்பாலும் யாழ்ப்பாணத்துப் பழக்கம், குடியேற வந்தவர்களோடு வன்னிக்கும் வந்தது. எங்கள் பக்கத்தில் கூலி வேலை செய்தவருக்குக் கல்வெட்டு அடித்து நான் கண்டது குறைவு.

அந்தப் புலம்பல்களை யார் எழுதுகிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? நான் எழுதியிருக்கிறேன். இருபது வயதில் ஒரு அச்சகத்தில் வேலை செய்தபோது, ஒரு புலம்பலுக்கு இவ்வளவு என்று காசு. "பண்பின் உறைவிடமே, பாசத்தின் இருப்பிடமே" என்று ஒரு கொப்பி நிறைய இருந்தது, பெயரை மட்டும் மாற்றுவோம். ஒரு தடவை மாற்ற மறந்து ஒரு வீட்டு ஐயாவுக்கு இன்னொரு வீட்டு அம்மாவின் பெயரோடு போய்விட்டது. அந்த வீட்டில் ஒருவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. முப்பத்தொராம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு அதை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்!

சரி, அது மற்றவர் வீட்டுக் கதை. என் அப்பாவின் கல்வெட்டையும் நான்தான் எழுதினேன். 2004. சமாதான காலம், ஏ9 பாதை திறந்திருந்தது, யாழ்ப்பாணம் போய் நல்ல தாளில் 300 அடித்தோம். 2009இல் கடைசிப் போரில் வீட்டோடு எல்லாம் போனது, ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. போன வருசம் லண்டனில் இருக்கும் மச்சாள் ஒருவர் தன்னிடம் இருந்ததைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். இரவு இருந்து வாசித்தேன். அதில் அப்பாவைக் காணவில்லை. "அரச ஊழியராகக் கடமையாற்றிப் பலரதும் நன்மதிப்பைப் பெற்றார்." எந்த ஊழியம்? பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் கோஸ்டிக் சோடாப் பகுதியில் நின்றவர், வேலை முடிந்து வந்தால் சட்டையில் புதிதாக வெளுத்த துணி மாதிரி ஒரு மணம் இருக்கும், அந்த மணத்தை வைத்துத்தான் சின்ன வயதில் அப்பா வந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லை, அரசாங்கம் பற்றரியும் வரவிடவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து றேடியோவில் கொடுத்துச் செய்தி கேட்போம். பெடலைச் சுற்றுவது நான். கை சோர்ந்து மெதுவாகச் சுற்றினால் செய்தி வாசிப்பவரின் குரல் கீழே இறங்கி முனகும், அப்பா றேடியோவில் வைத்த காதை எடுக்காமலே "சுத்தடா" என்று ஒரு சத்தம் போடுவார். செய்தி முடிந்ததும் என் கையைப் பிடித்து மணிக்கட்டை உருவி விடுவார். வேறு எப்போதும் என்னைத் தொட்டு அன்பு காட்டிய மனிதர் இல்லை. 2004இல் இது எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் எழுதுகிற விசயமாகத் தோன்றவில்லை. "நன்மதிப்பைப் பெற்றார்" என்று எழுதினேன்.

படத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்னட்டையில் அப்பா கோட்டுப் போட்டிருக்கிறார். அப்பா வாழ்க்கையில் கோட்டுப் போட்டதே இல்லை, அது ஸ்ரூடியோக்காரன் போட்டது. இப்போது இன்னும் மோசம், 2009இல் அல்பங்கள் போனதால் பாதி வீடுகளில் அடையாள அட்டைப் படம்தான் இருக்கிறது, அதைப் பெருப்பித்து, சுருக்கத்தை அழித்து, பட்டுச்சேலை உடுத்தி, பின்னால் சுவிஸ் மலை வைக்கிறார்கள். உங்கள் அம்மம்மாவுக்கு மலை வைக்கவேண்டாம் என்று மாமாவிடம் இப்பவே சொல்லிவிடுங்கள்.

போன காலபோகத்தில் இருந்து இன்றுவரை எங்கள் அயலில் இரண்டு மூத்த ஆட்கள் போய்விட்டார்கள்.

ஒருவர் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வரும் ஒரு வாய்க்காலில் துருசு, அதாவது மதகு, திறந்து பூட்டுகிறவராக இருந்தவர். கடைசி வயலுக்குத் தண்ணீர் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்டால் சரியாகச் சொல்வார். எப்படி என்று செத்தவீட்டு இரவில்தான் எனக்குத் தெரிந்தது. பந்தலுக்குள் காட்ஸ் விளையாட்டு, பிளேன்ரீ, வெற்றிலைத் தட்டம், ஒரு மணி தாண்டினால் தேவாரம் படித்தவர்கள் எல்லாம் போய்விடுவார்கள், பிறகுதான் உண்மையான பேச்சு வரும். ஒரு சிறுபோகம் முழுக்கத் தண்ணீருக்காக அவரோடு வெட்டுக் கத்தி தூக்கிச் சண்டை பிடித்த கிழவர் ஒருவர் சொன்னார். துருசைத் திறந்தவுடன் பூவரசம் இலை ஒன்றைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் வரம்பில் நடப்பாராம். இலை முந்துதா, தான் முந்துதா என்று பார்ப்பார். இலை எங்கேயாவது நின்றால் அந்த இடத்தில் யாரோ மடை மாறியிருக்கிறான். "அந்த இலையாலதான் என்னைப் பிடிச்சவன்" என்று சொல்லி அந்தக் கிழவர் அழுதார். மகன்மாருக்கு இது தெரியாது. கல்வெட்டில் "விவசாயப் பெருமகன்" என்று போட்டார்கள்.

மற்றவர் தர்மபுரம் பக்கம் இருந்த ஒரு ஆச்சி. பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, 1977 கலவரத்துக்குப் பிறகு இரண்டு பிள்ளைகளோடு வன்னிக்கு வந்தவர். எங்கள் பெண்கள் விறகைத் தலையில் வைத்துத் தூக்குவார்கள், அவர் கட்டை முதுகில் போட்டுக் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக் கொஞ்சம் குனிந்தபடி வருவார், கொழுந்துக் கூடை மாட்டின தலை, நாற்பது வருசமாகியும் மாறவில்லை. அவருடைய அறிவித்தலில் "தர்மபுரத்தைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட" என்று இருந்தது. மகனைக் குறை சொல்லமாட்டேன். தோட்டக்காட்டார் என்ற இழிசொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவன், அதைச் சொன்னவர்கள் நாங்கள்தான். ஆனால் ஒரு மனுசியின் முதல் முப்பது வருசமும் ஒரே வரியில் அழிந்து போனது.

உங்கள் அம்மம்மாவுக்கும் வதிவிடம் என்று ஒரு ஊர்தானே போட்டிருப்பார்கள். வட்டக்கச்சியில் இருந்து எழும்பின சனம் தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளத்து முகாம் என்று போனது. எல்லா இடத்திலும் ஒரு தறப்பாள் கட்டி, பங்கர் வெட்டி, அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். அடுப்பு எரிந்த இடம் வதிவிடம்தான். அவர் எங்கெங்கே எத்தனை நாள் இருந்தார் என்று மாமாவிடம் கேட்டு வரிசையாகப் போடுங்கள்.

ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். உங்களுக்கு அவரிடம் தெரிந்தது இடப்பெயர்வுதான் என்கிறீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான், படிவம் தூக்கிக்கொண்டு வருகிற நிறுவனங்களும் அதைத்தான் கேட்கும். 2009இல் அவருக்கு 71 வயது. அதற்கு முதல் 70 வருசம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? எழுபதுகளின் முதல் பாதியில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வருவதை அரசாங்கம் கட்டுப்படுத்தியபோது வன்னி முழுக்க மிளகாய் வைத்தது, அந்தக் காசில் கல்வீடு கட்டினவர்கள் இருக்கிறார்கள், 1977க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட அந்த விலை விழுந்தது. அப்போது உங்கள் அம்மம்மாவுக்கு முப்பத்தைந்து வயது. வட்டக்கச்சியில் இருந்துகொண்டு மிளகாயில் கை வைக்காமல் இருந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. செத்தல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க எங்கள் பெரியம்மா ஒரு காயை எடுத்துக் காதடியில் ஆட்டுவார், விதை கலகலத்தால் சாக்கில் போடலாம், இல்லையென்றால் இன்னும் ஒரு வெயில். "வீட்டோட இருந்தவ" என்று உங்கள் மாமா சொல்கிறாரே, அந்த வீட்டைக் கட்டின காசு எந்த விளைச்சலில் வந்தது, காயை ஆய்ந்தது யார், காயவைத்தது யார், சாக்குத் தைத்தது யார் என்று அவரையே கேளுங்கள்.

கேட்கும்போது "அம்மம்மா எப்படிப்பட்டவர்" என்று மட்டும் கேட்காதீர்கள், "நல்ல மனுசி" என்றுதான் பதில் வரும், செத்தவீட்டில் வேறு பதில் வராது. யாருடைய பிள்ளைப்பேற்றுக்குப் பக்கத்தில் நின்றார், சீட்டுப் பிடித்தாரா, யார் அவருக்குக் கடைசிவரை காசு தரவில்லை, மாட்டுக்கு என்ன பெயர் வைத்திருந்தார், வீட்டைவிட்டு எழும்பினபோது எதைத் தூக்கினார், எதைப் புதைத்தார், திரும்பி வந்து அதைக் கிண்டி எடுத்தாரா, இப்படிக் கேளுங்கள். உறவினர்களைவிட அயலட்டைக்கு அதிகம் தெரியும். இந்த முப்பத்தொரு நாளும் ஆட்கள் வீட்டுக்கு வந்து போவார்கள், கதைப்பார்கள். அந்தியேட்டி முடிந்து பந்தல் கழற்றினால் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். அப்புறம் யாரையாவது எடுத்துக் கேட்டால் "அதெல்லாம் இப்ப ஏன் தம்பி" என்பார்கள். அதனால்தான் நாள் கணக்கைச் சொன்னேன். மருமகள் ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து விறாந்தையில் வைக்கச் சொல்லுங்கள், கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

தங்கச்சி விசயம். எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதில் ஒரு கொள்கையும் இல்லை. சண்டையை எழுதினால் இறந்தவருக்கு மரியாதைக் குறைவு என்று சொல்வார்கள், இருபது வருசம் ஒரு வேலியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க எவ்வளவு பிடிவாதம் வேண்டும், அதுவும் அவருடைய குணம்தானே. ஆனால் அந்தக் காணிக் கதையில் உங்களுக்குக் கிடைத்திருப்பது உங்கள் வீட்டுப் பக்கம் மட்டும். வாயில்லாதவருக்காக வழக்குப் பேசுகிற இடமாகக் கல்வெட்டை ஆக்கவேண்டாம். யாருக்கு எத்தனை பரப்புக் காணி என்பதை விட்டுவிடுங்கள். "தங்கையோடு இருபது வருசம் பேசவில்லை, தங்கை வந்து படலையடியில் நின்றார்" என்று ஒரு வரி போட்டால் போதும், அதையும் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஆம், அவரிடம் கேட்கவேண்டும். யோசித்துப் பாருங்கள், உங்கள் அம்மம்மா பாவாடை கட்டித் திரிந்ததைக் கண்ட ஆள் இப்போது உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? மாமாவுக்குத் தாயைத்தான் தெரியும். அந்த 43 பெயரில் ஒருவருக்கும் அந்தச் சின்னப் பிள்ளையைத் தெரியாது. அந்தத் தங்கச்சிக்கும் எண்பது தாண்டியிருக்கும். மாமா இலக்கம் தரமாட்டார், கிராம அலுவலரான விதானையாரிடமோ பக்கத்துக் கடையிலோ கேட்டால் கிடைக்கும். முதல் தடவை எடுத்து உடனே கேள்வி கேட்கவேண்டாம், இன்னாரின் பேரன் என்று மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை அவரே கதைப்பார், இல்லை திட்டுவார், திட்டினாலும் எழுதி வையுங்கள். உங்களுக்கு இரவு பதினொரு மணி என்றால் இங்கே காலை எட்டரை. அந்த நேரம் அடுப்படி வேலை முடிந்து வாசலில் வந்து இருப்பார்கள். காது கொஞ்சம் மந்தமாக இருக்கும், உரத்துக் கதையுங்கள்.