டுரியான் பிடிக்காவிட்டால் பினாங்கில் பிழைக்க முடியாதா?

பெரியபட்டினத்துத் தம்பி ஒருவர் என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டு எழுதியிருக்கிறார். மலேசியாவின் பினாங்கில் நாசி கண்டார் சோற்றுக் கடை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறதாம். "காக்கா, சம்பளம் கையில் எவ்வளவு தேறும், தங்க இடம் எப்படி இருக்கும், பெர்மிட் யார் பொறுப்பு? இன்னொன்றும் கேட்க வேண்டும், வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கடற்கரையில் பிறந்தும் எனக்குக் கருவாட்டு வாடை ஆகாது. வீட்டில்கூடச் சொன்னதில்லை. அங்கே பெலாச்சான், டுரியான் என்று வாடை அடிக்கிற சாமான்களைச் சொல்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் முதலாளி கோபப்படுவாரா?"

தம்பி, முதல் மூன்றுக்கும் கடைசியில் ரெண்டு வரி எழுதுகிறேன். அதையெல்லாம் நம்ம பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருக்கும், வெளிநாடு போய்வந்த எந்தச் சபுராளியைக் கேட்டாலும் அரை மணி நேரம் சொல்வார். நாலாவதைப் பற்றித்தான் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. இப்போது லீவில் கீழக்கரையில் இருக்கிறேன், நேரம் கிடக்கிறது, சொல்கிறேன்.

நான் போய் இறங்கியது கோலாலம்பூர் பக்கத்துச் சுபாங் விமான நிலையத்தில். சிப்பாங்கில் பெரிய விமான நிலையம் 1998-இல் திறப்பதற்கு முந்தின காலம். அங்கிருந்து பஸ்ஸில் பட்டர்வொர்த், பிறகு ஃபெர்ரி ஏறித் தீவு. கணக்கு எழுதும் வேலை என்று சொல்லித்தான் ஏஜெண்டு அனுப்பினான். போய்ச் சேர்ந்த ராத்திரியே கையில் கொடுத்தது பாத்திரம் தேய்க்கிற நார். பசியில் கண் இருட்டிக்கொண்டு வரும்போது ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். வெள்ளைச் சோறு, அதன்மேல் மீன்தலைக் குழம்பு, கோழிக் குழம்பு, கணவாய்க் குழம்பு, மாட்டிறைச்சிக் குழம்பு, எல்லாம் ஒன்றாக ஊற்றி, சோறே தெரியாமல் முங்கிக் கிடந்தது. நம்ம வீட்டில் மீனாணம் ஊற்றிய சோற்றில் இறைச்சி ஆணத்துக் கரண்டி தெரியாமல் பட்டுவிட்டால்கூட உம்மா தட்டை மாற்றிக் கொடுப்பார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதுதான் நாசி கண்டார், அந்த ஊரின் பேர்பெற்ற சாப்பாடு, அப்படித்தான் அதைச் சாப்பிட வேண்டும். 'பஞ்சிர்' என்று கேட்டு வாங்குவார்கள், குழம்பு வெள்ளமாக நிற்க வேண்டும் என்று அர்த்தம். தோளில் கம்பு போட்டு, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகச் சுமந்துபோய்த் துறைமுகக் கூலிகளுக்கு விற்ற நம்ம ஆட்கள் தொடங்கிவைத்தது அது. பினாங்குக்குப் போகிறவன் சாப்பிடாமல் திரும்பினால் ஊரில் மதிக்க மாட்டார்கள். அந்தச் சோற்றை முப்பது வருஷத்துக்குக் கிட்ட அள்ளிப் போட்டவன் நான். எந்தக் குழம்புக்கு மேல் எந்தக் குழம்பு என்ற வரிசை என் கைக்குத் தெரியும், என் கையால் போடச் சொல்லி நிற்கிறவர்களும் உண்டு. ஆனால் விரும்பிச் சாப்பிட்டதில்லை, இன்றைக்கும் இல்லை. கடை அடைத்த பிறகு பின்பக்கம் வந்து பார். புளியாணமும் அப்பளமும் ஓடும். விற்கிறவன் சாப்பிடுவது வேறு என்பது எல்லாக் கடையிலும் உள்ளதுதான். கல்யாணத்துக்குப் பிரியாணி ஆக்கும் பண்டாரியிடம் போய்ப் பார், அவர் ஓரமாக உட்கார்ந்து மோர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

அதனால் முதலாளி கோபப்படுவாரா என்ற பயமே வேண்டாம். நீ என்ன சாப்பிடுகிறாய் என்று பார்க்க அவருக்கு நேரம் கிடையாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: மரியாதைக்காகப் புகழ்ந்துவிடாதே. என்னோடு ரூமில் இருந்த தொண்டிப் பையன் ஒருத்தன், போன புதிதில் பக்கத்து வீட்டு மலாய் அம்மா கொடுத்த பெத்தாய் சம்பாலைத் தின்றுவிட்டு 'சேடாப், சேடாப்', ருசி ருசி என்று கையெடுத்துக் கும்பிட்டான். பெத்தாய் என்பது பட்டை பட்டையாகக் காய்க்கும் ஒரு பச்சை அவரை, அதன் வாடை மறுநாள் கழிப்பறை வரைக்கும் கூடவே வரும். அவனுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. அந்த அம்மா பாவம், நல்ல மனுஷி, வாரம் தவறாமல் ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். அவன் வேறு ரூமுக்கு மாறிப் போகும்வரை அது நிற்கவில்லை. 'வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது மக்சிக் (அத்தை)' என்று முதல் நாளே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் முடிந்தது. மலாய்க்காரர்கள் அதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவர்கள் இல்லை. நம்ம ஆட்கள்தான் சுளிப்பார்கள்.

இப்போது நீ பயப்படுகிற பெலாச்சானுக்கு வருவோம். பொடி இறாலை உப்புப் போட்டு, புளிக்கவிட்டு, இடித்து, வெயிலில் காயவைத்த கட்டி. நம்ம சென்னாக்குன்னிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். பச்சையாக அனலில் வாட்டும்போதுதான் தாங்க முடியாது. அந்த நேரத்தில் தேங்காய் துருவுகிற வேலை, மேசை துடைக்கிற வேலை ஏதாவது கேட்டு வாங்கிக்கொண்டு முன்பக்கம் வந்துவிடு. மிளகாயோடு அரைபட்டுச் சம்பாலாகிவிட்டால் பாதிப் பேருக்கு அது உள்ளே இருப்பதே தெரியாது. உனக்கும் தெரியாது, பந்தயம் கட்டுகிறேன்.

வாழையிலையில் வைத்துச் சுடும் திருக்கையும் அங்கே பிரபலம், ஈக்கான் பாரி பாக்கார் என்பார்கள். வீட்டில் திருக்கை வாடை ஆகாமல் ஒதுங்குகிறவர்கள் நம்ம கடற்கரையிலேயே நிறையப் பேர். அது மூக்கின் குற்றமில்லை. சுறாவுக்கும் திருக்கைக்கும் உடம்பிலேயே யூரியா உண்டு, செத்து நேரமானால் அது அம்மோனியாவாகிவிடும். அந்த நெடிதான் மூக்கில் ஏறுகிறது. சுறாப்புட்டுக்கு வீடே கூடிக் குதிக்கும்போது ஓரத்தில் ரசச்சோறு கேட்கிற பிள்ளையை உம்மாமார்கள் ஏன் திட்டுகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. புதிதாக வெட்டியதைச் சாப்பிட்டுப் பார், பிடிக்காவிட்டால் விட்டுவிடு.

டுரியான் பழம். சரி, இதைப் பற்றி எல்லோரும் பயமுறுத்தியிருப்பார்கள். ஓட்டல் வாசலில் டுரியான் படம் போட்டுக் குறுக்கே கோடு கிழித்திருப்பார்கள், அது உண்மை. ஜூன், ஜூலையில் சீசன் உச்சத்தில் இருக்கும்போது முதலாளி டுரியான் தோட்டங்கள் உள்ள பாலிக் புலாவ் போய் வண்டி நிறையக் கொண்டுவருவார், எல்லோரும் குந்தி உட்கார்ந்து பிளந்து தின்பார்கள், சூடு தணிய அந்தத் தோலிலேயே உப்புத்தண்ணீர் ஊற்றிக் குடிப்பார்கள். நீ வேண்டாம் என்றால் ஒருத்தரும் வருத்தப்பட மாட்டார்கள், உன் சுளையும் அவர்களுக்குத்தானே! பனம்பழ வாசனை பிடித்தவர்கள் டுரியானுக்குச் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள் என்பது நான் பார்த்தவரை. நான் சாப்பிடுவேன், ஆனால் முசாங் கிங் என்ற உயர்ந்த ரக டுரியான் பற்றி மணிக்கணக்கில் பேசும் கூட்டத்தில் சேர மாட்டேன்.

எனக்கு உண்மையிலேயே ஆகாதது தே தாரிக், டின்பால் ஊற்றி ஆற்றும் சாயா. ரொட்டி சானாய், நாசி லெமாக், தே தாரிக் மூன்றும் சேர்ந்த காலைப் பசியாறலை யுனெஸ்கோவே 2024-இல் பட்டியலில் சேர்த்துவிட்டது. எனக்கோ அந்த டின்பால் தித்திப்பு தொண்டையில் நிற்கும். 'தே ஓ கோசோங்' என்று கேள், பாலும் சீனியும் இல்லாத சாயா வரும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

அதைவிடப் பெரிய ரகசியம் ஒன்று உண்டு. கீழக்கரைக்காரனாகப் பிறந்தும் எனக்குத் தொதல் பிடிக்காது. அரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை மணிக்கணக்கில் கை கடுக்கக் கிண்டுவது, மரியாதை உண்டு, மறுக்கவில்லை. பல்லில் ஒட்டிக்கொண்டு அந்த நெய்ப்பிசுக்கு இறங்கவே இறங்காது. ஊரை விட்டுப் போனால் தொதலிலிருந்து தப்பித்தோம் என்று நினைத்தால், அங்கே ஹரி ராயா என்னும் பெருநாளுக்கு வீட்டுக்கு வீடு அதே பண்டத்தை 'டோடோல்' என்று தட்டில் வைக்கிறார்கள்! உம்மா இருந்த காலத்தில் ஆள் கிடைத்தபோதெல்லாம் பொட்டலம் கட்டி அனுப்புவார்கள், ரூமில் திறந்த அஞ்சு நிமிஷத்தில் மற்றவர்கள் தீர்த்துவிடுவார்கள். நன்றாக இருந்தது என்று எழுதுவேன். இந்த லீவிலும் லாத்தா, அதாவது அக்கா, ரெண்டு தட்டு அனுப்பிவிட்டார்கள், இதையெல்லாம் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். நேற்று ஒரு கல்யாண வீட்டில் சஹன் என்னும் பெரிய தட்டில் சேர்ந்து உட்கார்ந்தபோது, பெரியவர் ஒருவர் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்யும் இனிப்பான வட்டலாப்பத்தை என் பக்கமே தள்ளித் தள்ளி வைத்தார். ஒரே தட்டில் சேர்ந்து சாப்பிடும்போது ஒதுக்கிவைக்க வழியே கிடையாது. நல்லவேளை, வட்டலாப்பம் எனக்குப் பிடிக்கும்.

வெளியூர் போன நம்ம ஆட்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. போன ஒரே வருஷத்தில் ஊர்ச் சாப்பாட்டில் எண்ணெய் அதிகம் என்பார்கள். அதே ஆட்கள் அங்கே மார்க்கெட்டில் கானாங்கெளுத்தியைப் பார்த்துவிட்டு, பாம்பன் மீனுக்கு ஈடாகுமா என்று பெருமூச்சு விடுவார்கள். பெட்டி நிறையக் கருவாடு கொண்டுவந்து, எட்டுப் பேர் படுக்கும் ரூமில் கட்டிலுக்குக் கீழே வைக்கிறவனும் உண்டு. உனக்கு வாடை ஆகாது என்றால் முதல் நாளே ஜன்னல் பக்கக் கட்டிலைப் பிடித்துவிடு.

மற்றவை: குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட், அதற்குக் கீழே பேசினால் ஒத்துக்கொள்ளாதே. ரூம் கடைக்காரரே கொடுப்பார், சுமாராக இருக்கும். பெர்மிட் முதலாளி பொறுப்பு. சுற்றுலா விசாவில் வா, பிறகு மாற்றித் தருகிறேன் என்று எவன் சொன்னாலும் விமானம் ஏறாதே. பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்காதே, அடுத்தவர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது அங்கே 1966-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். என்னுடையதை ரெண்டு வருஷம் பூட்டி வைத்திருந்தார்கள், கேட்க ஆளில்லாமல் இருந்தேன். அப்புறம், உம்மா கட்டிக் கொடுக்கும் ஊறுகாயைக் கைப்பையில் வைக்காதே. 100 மில்லிக்கு மேல் இருந்தால் எடுத்துவிடுவார்கள், பெட்டியில் போடு.