குளிர்காலத் தொழுவ வேலைகள்: கேள்வி பதில்

ஐயா, குளிர் புகாமல் இருக்கக் கொட்டகையைச் சுற்றிப் படுதா கட்டி முழுவதும் மூடிவிட்டோம். அப்படியும் இரண்டு மாடுகள் இருமுகின்றன. இன்னும் இறுக்கி மூட வேண்டுமா?

வேண்டாம். மூடியதால்தான் இருமல் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். விடியற்காலையில் உள்ளே நுழைந்ததும் மூக்கில் காரநெடி ஏறுகிறதா, கூரையின் உட்புறம் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் காற்றோட்டம் போதவில்லை. மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். அப்புறம் கிருமி எளிதாகப் புகுந்துவிடும். படுதாவைக் கீழே இருந்து மாட்டின் உயரத்துக்குமேல் கொஞ்சம் வரை கட்டி, கூரையை ஒட்டி ஒரு முழம் திறந்து விடுங்கள். சூடான காற்று ஈரத்தையும் நெடியையும் கொண்டு மேல்வழியே போய்விடும். மாட்டின்மேல் நேராகக் காற்று அடிக்காது. உடம்பு காய்ந்து வயிறு நிறைந்திருந்தால், வளர்ந்த மாடு நாம் நடுங்குகிற குளிரிலும் சாதாரணமாக நிற்கும். ஈரத்துக்குத்தான் பயப்பட வேண்டும். இருமும் மாட்டின் உடம்புச் சூடு வெப்பமானியில் 39.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அண்ணா, சினைமாடு இந்த வாரம் ஈனும். ராத்திரிக் குளிரில் கன்று போட்டால் என்ன செய்வது?

முதல் வேலை கன்றைக் காயவைப்பது. தாய் நக்கட்டும்; நீங்களும் காய்ந்த சாக்கை எடுத்து, மயிர் புசுபுசுவென்று நிமிரும் வரை தேய்த்துவிடுங்கள். ஒட்டிக் கிடக்கும் ஈர மயிர் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்காது. தொப்புள்கொடியை 7 சதவீத அயோடினில் நனையுங்கள்.

அடுத்தது சீம்பால். 2 மணி நேரத்துக்குள் முதல் தடவை குடிக்க வேண்டும். 30 கிலோ கன்றுக்கு முதல் 12 மணி நேரத்தில் 3 லிட்டர் போகட்டும். நஞ்சுக்கொடி விழும் வரை காத்திருக்காதீர்கள். சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் புரதத்தைக் கன்றின் குடல் முதல் சில மணி நேரம்தான் நன்றாக உறிஞ்சும். ஒரு நாள் போனால் அந்த வழி அடைபட்டுவிடும்.

கன்று துவண்டு கிடந்தால் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாய் சில்லென்று இருந்து, விரலைச் சப்பவும் இல்லை என்றால் பாலைப் புகட்டவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். தலை மட்டும் வெளியே இருக்க வெதுவெதுப்பான நீரில் வைத்துச் சூடேற்றி, நன்றாகத் துடைத்து, சப்ப ஆரம்பித்த பிறகு கொடுங்கள். சூடேற்றும்போதே இன்னொருவர் மருத்துவருக்குப் போன் செய்யட்டும்.

குளிர் வந்ததும் பால் குறைந்துவிட்டது. பிண்ணாக்கு, தவிடு போன்ற அடர்தீவனத்தைக் கூட்டலாமா?

முதலில் தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டுப் பாருங்கள். விரல் விறைத்தால் மாடும் அரைகுறையாகத்தான் குடிக்கும். பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர். குடிப்பது குறைந்தால் தீனியும் குறையும், பாலும் குறையும். கறந்த கையோடு வெதுவெதுப்பான தண்ணீர் காட்டுங்கள், உறிஞ்சிக் குடிக்கும். தீவனத்தில் கூட்ட வேண்டுமானால் சாயங்காலம் வைக்கோல் போன்ற உலர்தீவனத்தைக் கூட்டுங்கள். நார்த்தீவனம் வயிற்றில் நொதிக்கும்போது எழும் சூடு ராத்திரி முழுக்க உதவும். அடர்தீவனத்தை ஒரேயடியாக ஏற்றினால் வயிறு புளித்துவிடும்.

படுக்கை வைக்கோலை எப்போது மாற்றுவது?

அதன்மேல் அரை நிமிடம் முட்டி போடுங்கள். முட்டி நனைந்தால் உடனே மாற்றுங்கள். கன்றுகளுக்கு, படுத்தால் கால்கள் புதையும் அளவுக்கு வைக்கோல் வேண்டும்.

கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. குளிரா காரணம்?

பெரும்பாலும் பகல் சுருங்கியதுதான். வெயிலும் விளக்கும் சேர்த்து 14 மணி நேர வெளிச்சம் கொடுங்கள். விளக்கை விடியலுக்கு முன் எரியவிடுவது நல்லது. ராத்திரி திடீரென அணைந்தால் கோழிகள் பரணில் ஏற முடியாமல் தடுமாறும்.

செம்மறிகள் பார்வைக்குக் கொழுகொழுவென்றுதான் இருக்கின்றன. தனியாகக் கவனிக்க வேண்டுமா?

கம்பளி ஏமாற்றும். முதுகெலும்பின்மேல் கையை அழுத்தித் தடவுங்கள். முள்முள்ளாகக் கைக்குத் தட்டினால் ஆடு மெலிந்திருக்கிறது. அவற்றைப் பிரித்துத் தனியாகத் தீனி வையுங்கள், இல்லையென்றால் வலுத்தவை தின்றுவிடும். அப்படியே கம்பளியை விலக்கிப் பேன் இருக்கிறதா என்றும் பாருங்கள். குளிரில் நெருக்கமாக அடையும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வேகமாகப் பரவும்.