தேன் பாட்டிலும் ஆலோசனையும்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரியில், மலைக் கிராமக் குழுக்களுக்கு நிதி கொடுக்கும் ஒரு சிறு அறக்கட்டளையில் வேலை பார்க்கிறேன். இத்தனை வருட அனுபவம் இருக்கிறது, நாமே ஒரு கன்சல்டன்சி ஆரம்பித்து அதே குழுக்களுக்குக் கட்டணத்துக்கு ஆலோசனை சொல்லலாம் என்கிறார்கள் டிரஸ்டிகள். எங்கள் ஊர்த் தொண்டு நிறுவனத்தைக் காட்டி, “கீஸ்டோன் தேன் விற்கவில்லையா?” என்றும் கேட்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

எஸ்., கோத்தகிரி

அன்புள்ள எஸ்.,

தேனிலிருந்தே ஆரம்பிப்போம். கீஸ்டோன் ஃபவுண்டேஷன் 1993இல் தொடங்கியது. தேனையும் மிளகையும் விற்க லாஸ்ட் ஃபாரஸ்ட் என்று தனி நிறுவனமே வந்தது. அந்தக் கடைக்குப் போகிறவர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்து, விலை கட்டாது என்று அலமாரியிலேயே வைத்துவிட்டு வரலாம். உங்களிடம் பணம் வாங்கும் குழு உங்கள் ஆலோசனையை அப்படி வைத்துவிட்டுப் போக முடியுமா?

கூடலூர் பக்கம் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நிதி கொடுத்தவர்களே அனுப்பிய ஆலோசகர், காட்டில் களையாகப் பரவும் உண்ணிச்செடியின் குச்சிகளில் நாற்காலி செய்யும் திட்டத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். ஜூனில் தொடக்கம். குழுத் தலைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னார்: “ஜூன் மழையில குச்சி எங்க சார் காயும்? அதைச் சொன்னா அடுத்த வருஷப் பணம் வருமா?” ஆலோசகரின் கட்டணத்தையும் குழுவுக்கு ஒதுக்கிய தொகையிலேயே பிடித்துக்கொண்டார்கள். மொய் வைத்த கையே பந்திக்குக் காசு கேட்ட கதை. குச்சிகள் பூஞ்சை பிடித்ததைச் சொல்ல வேண்டுமா என்ன!

வரி விவகாரம் தனி. வருமான வரிச் சட்டத்தில் ‘பொதுப்பயன்’ வகையில் (கல்வி, மருத்துவம் போன்ற தனி வகைகளில் சேராத பொதுநலப் பணி) வரும் அறக்கட்டளை என்றால், இப்படிக் கட்டணமாக வருவது மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

அனுபவத்தை விற்றே ஆகவேண்டும் என்றால், நிதி கொடுக்கும் கம்பெனிகளிடம் விற்கச் சொல்லுங்கள். 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கூடலூரில் எப்போது மழை என்று தெரியாத அதிகாரிகள் அங்கே நிறைய. அவர்கள் காசு கொடுத்துக் கேட்கலாம். பிடிக்கவில்லையென்றால் உங்களை மாற்றவும் அவர்களால் முடியும். அதற்கும் கணக்கு, ஆள் எல்லாம் தனியாக இருக்கட்டும். உங்கள் குழுக்களையே அவர்களிடம் சிபாரிசு செய்தால், நீங்கள்தான் அந்தக் குழுக்களுக்கு நிதி கொடுக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

குழுக்களுக்கு ஆலோசனை தேவைதான். நிதியில் அதற்கென்று ஒரு தொகை ஒதுக்குங்கள், யாரைக் கூப்பிடுவது என்று அவர்களே முடிவு செய்யட்டும். பக்கத்து ஊரில் பத்து வருடமாக உண்ணிக்குச்சி வளைக்கும் ஒருவரைக் கூப்பிட்டால், அவருக்கும் அதே கட்டணத்தைக் கொடுங்கள்.